விசிறிகள் ஓடும் என்று எழுதியிருந்தது

சாமிகளா, போன வாரம் நீங்கள் ரெண்டு பேரும் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். புது மிக்சியோடு வந்த சின்னப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதில் போட்டிருந்த ஒவ்வொன்றையும் நான் செய்து பார்த்தேன். மூடியைப் பூட்டாவிட்டால் ஓடாது என்று ஒரு வரி இருந்தது. மூடியை எடுத்துவிட்டுத் திருகினேன். ஓடியது. நான் கத்தினேன். உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மிக்சி ஓடலைன்னு கத்துற ஆளப் பாத்திருக்கேன். ஓடுதுன்னு கத்துற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று எழுதி வைக்கிறேன். நேரில் சொன்னால் என் குரல் உயர்ந்துவிடும். நீங்கள் போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள்.

என் வேலை என்ன என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்று சொல்கிறீர்களாம். அது அல்ல. நான் படித்தது பாலிடெக்னிக். அதிலும் ஒரு பாடம் நின்றுபோய் மறுபடி எழுதித்தான் தேறினேன். ஆங்கிலம் மெதுவாகப் படித்தால் புரியும். பேசச் சொன்னால் வேர்க்கும். சேலத்தில் நான் வேலை செய்யும் சின்னக் கம்பெனி, கோழிப் பண்ணைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறது. நாமக்கல் பக்கம் இப்போது சுற்றிலும் அடைத்த ஷெட்டுகள் வந்துவிட்டன. ஒரு கோடியில், காற்று குளிர்ந்து உள்ளே வரத் தண்ணீர் வழியும் அட்டைச் சுவர், மறு கோடியில் ஆள் உயர விசிறிகள். விசிறி உள்காற்றை வெளியே இழுத்தால்தான் கோழி மூச்சு விடும். எந்த விசிறி எப்போது ஓட வேண்டும் என்று சொல்வது எங்கள் பெட்டி. அந்தப் பெட்டியைச் சோதிப்பதும் அதற்குத் தமிழில் கையேடு எழுதுவதும் என் வேலை.

பெட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதில் எங்கள் புரோகிராம் ஓடுகிறது. ஆனால் புரோகிராம் தானாக விசிறியைத் தொட முடியாது. இடையில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. இயங்குதளத்தின் கரு அதுதான். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? சரக்கு வைத்திருப்பவர் ஒவ்வொரு டிரைவராகத் தேடி அலைவதில்லை. ஆபீஸில் சொன்னால் லாரி வந்து நிற்கும். புரோகிராம் சரக்குக்காரர், விசிறியும் திரையும் கடிகாரமும் லாரிகள், கெர்னல் அந்த ஆபீஸ். எதைக் கேட்டால் கெர்னல் என்ன செய்யும் என்பதை யார் யாரோ சேர்ந்து ஆவணமாக எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஆபீஸ் வாசலில் தொங்கும் பலகை மாதிரி. கெர்னலின் உள்ளும் திறந்துதான் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கடலும் திறந்துதான் கிடக்கிறது. என்னைப் போன்றவர்கள் பலகையைப் படித்து, அதை நம்பித்தான் பிழைக்கிறோம்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டால் பாடம் முடிந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்குள் 'வாட்ச்டாக்' என்று ஒரு கடிகாரம் உண்டு. காவல் நாய். புரோகிராம் அதை ஓயாமல் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தட்டல் நின்றால், புரோகிராம் எங்கோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து நாய் மொத்தப் பெட்டியையும் அணைத்து மறுபடி தொடங்க வைக்கும். நல்ல ஏற்பாடுதான். புரோகிராமை நாமே வேண்டுமென்று நிறுத்தும்போது மட்டும் நாயை முதலில் கட்டிப்போட வேண்டும். எப்படிக் கட்டுவது என்று ஆவணத்தில் தெளிவாக இருந்தது. இந்த எழுத்தை அனுப்பு, பிறகு மூடு, நாய் கட்டப்பட்டுவிடும்.

எங்கள் புரோகிராம் அப்படியே செய்தது. கெர்னலும் ஒரு குறையும் சொல்லாமல் 'சரி' என்றது. அதை நம்பித்தான் எங்கள் கம்பெனிக் கையேட்டில் தமிழில் ஒரு வரி எழுதினேன்: 'நிறுத்து பொத்தானை அழுத்தினால் விசிறிகள் கடைசியாக இருந்த நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.'

நாய் கட்டப்படவே இல்லை. நாங்கள் வாங்கிய கம்ப்யூட்டரில் ஒருமுறை அவிழ்த்துவிட்ட நாயைக் கட்ட வழியே கிடையாது. கெர்னலில் அதற்கென்று இருக்கும் பகுதிக்கு இது தெரியும். தெரிந்தும் 'சரி' என்று சொல்லும். மர்மக் கதை எழுதும் எண்ணம் எனக்கில்லை, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன். நான் இதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு ஷெட் கோழி செத்திருந்தது.

சோதித்துப் பார்த்தபோது தெரியவில்லையா என்று கேட்பீர்கள். நாங்களும் சரி, பண்ணையிலும் சரி, நிறுத்து பொத்தானை அழுத்துகிறவர்கள் கையோடு மெயின் சுவிட்சையும் இறக்கிவிடுவார்கள். பெல்ட் மாற்ற, வயர் மாற்ற என்றுதான் நிறுத்துவதே. நிறுத்திவிட்டு, கரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, சும்மா நிற்க யாருக்கு என்ன வேலை?

நம் பக்கத்தில் ஒருநாள் மட்டும் அந்த வேலை உண்டு. ஆயுத பூசை. அன்று லாரி ஓடாது, போர் போடும் ரிக் ஓடாது, தறி ஓடாது. எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். கோழி ஷெட்டுக்கு ஓய்வு கொடுக்க முடியுமா? முடியாது. அதற்கு, கோழி செத்தது என்று சொன்னேனே, அந்தப் பண்ணைக்காரர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கையேட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, "நிறுத்து பட்டன அமுக்கீருங்க. பொட்டிக்கு ஓய்வும் ஆச்சு, பேனும் ஓடும்" என்று ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். புதுப் பெட்டி வந்த பிறகு வந்த முதல் ஆயுத பூசை அது.

அந்தப் பெண் கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து கணவனோடு வந்து, பண்ணையிலேயே தங்கி வேலை பார்த்தவள். அவள் பெட்டியின் முன் நின்று பொத்தானை அழுத்தினாள். 'நிறுத்தப்பட்டது' என்று திரையில் வந்தது. விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். பிறகு எல்லாரும் வெளியே வந்து முட்டை வண்டிக்குப் பூசை போட்டார்கள். வண்டியில் பாட்டுச் சத்தம். அவள் கணவன் பூசணிக்காய் உடைத்தான். பொரியும் கடலையும் கொடுத்து முடித்து, பாட்டை நிறுத்திய பிறகுதான் விசிறிச் சத்தம் இல்லை என்பது அவளுக்கு உறைத்திருக்கிறது.

நாய் பெட்டியை அணைத்துவிட்டது. அணைந்ததும் விசிறிகள் நின்றுவிட்டன. பெட்டி மறுபடி தொடங்கியது. ஆனால் மனிதர் ஒருவர் நிறுத்திவைத்த பெட்டி தானாக விசிறியைச் சுற்றவிடக் கூடாது, யாராவது பெல்ட்டில் கை வைத்திருப்பார்கள். அதனால் யாராவது வந்து தொடங்கு பொத்தானை அழுத்தட்டும் என்று ஒழுக்கமாகக் காத்துக்கொண்டிருந்தது. அடைத்த ஷெட், பகல் வெயில். கோழிக்கு எவ்வளவு நேரம் தாங்கும்?

பண்ணையிலிருந்து எனக்குப் போன் வந்தபோது நான் உங்கள் சைக்கிள்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டையாம்பட்டியில் அன்று தறிச் சத்தம் இல்லாமல் ஊரே காது அடைத்த மாதிரி இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். 'பூசை போட்ட வண்டிய எடுக்கக் கூடாதுப்பா' என்று சின்னவள் மறித்தது ஞாபகம் இருக்கிறதா?

பண்ணைக்குப் போனபோது செத்த கோழிகளை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூடி நின்றார்கள். நடுவில் அந்தப் பெண். நெற்றியில் வைத்த சந்தனம் வேர்வையில் வழிந்திருந்தது.

"வாங்க தம்பி, வாங்க" என்றார் பண்ணைக்காரர். "உங்க பொட்டி நல்லாத்தான் இருக்குதுங்க. இவ கைதான் நல்லா இல்ல."

"நான் மெயின்ல கையே வெக்கல மொதலாளி" என்றாள் அவள். "நிறுத்துன்னு இருக்கறத ஒருவாட்டி அமுக்குனேன். நீங்கதான அமுக்கச் சொன்னீங்க?"

"அமுக்கச் சொன்னா அமுக்கோணும். மெயின எறக்கச் சொன்னனா நானு? பொட்டு வெக்கறேன்னு போயி சுச்சத் தட்டி உட்டுப்போட்டு, இப்ப மிசின் மேல பழியப் போடறியா?"

"குங்குமம் வெச்சா சுச்சு எறங்குமா?"

கூட்டத்தில் பக்கத்துப் பண்ணைப் பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எறங்கும் எறங்கும். கெங்கவல்லிக்காரி கை பட்டா ட்ரான்ஸ்பார்மரே எறங்குமுங்க" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அத்தனை கோழி செத்துக் கிடக்கும்போதும் மனிதர்களுக்குச் சிரிக்க ஒன்று கிடைத்துவிடுகிறது.

நான் பெட்டி இருந்த அறைக்குப் போய்ப் பார்த்தேன். மெயின் ஏறித்தான் இருந்தது. திரும்பி வந்து, "மெயின் ஏறித்தானுங்க இருக்குது" என்றேன்.

"செத்ததப் பாத்துப்போட்டு ஏத்தியிருப்பா" என்றார் பண்ணைக்காரர். பிறகு அவள் பக்கம் திரும்பி, "பொய்யி பேசறவள வெச்சு நாம் பண்ணையம் பண்ண முடியாது சாமி. குழி மூடற வரைக்கும் ரெண்டு பேரும் இருங்க. மூடிப்போட்டுக் கெளம்பீருங்க."

பண்ணை வேலையில் இந்தப் பேச்சு சாதாரணப் பேச்சு அல்ல. கவனக்குறைவு என்றால்கூடப் போகட்டும் என்பார்கள். ஷெட்டைச் சாகவிட்டுப் பொய் சொன்னவள் என்று பேர் வந்துவிட்டால், நாமக்கல்லில் முட்டை வண்டி போகும் இடமெல்லாம் அந்தப் பேர் போகும். எந்தப் பண்ணையிலும் ஷெட்டை நம்பி ஒப்படைக்க மாட்டார்கள். அவளுக்கும் அது தெரியும். நான் பெட்டியின் கதவைச் சாத்தும்போது பின்னால் வந்து நின்றாள்.

"ண்ணா, இந்தப் புக்கு நீங்க எழுதுனதுதான?"

"ஆமாம்மா."

"இதுல போட்டிருக்கறது நெசந்தான?"

"நெசந்தாம்மா" என்றேன்.

அவள் கையேட்டை ஒருமுறை பார்த்தாள். "அப்ப நான்தான் பொய்யி" என்று சொல்லிவிட்டுக் குழி வெட்டும் இடத்துக்குப் போய்விட்டாள்.

சாமிகளா, நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததே பொய்யாக இருந்தது. யாரோ எழுதிய பொய்யை என் வாயால், அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக, 'நெசந்தாம்மா' என்று சொல்ல வைத்தார்கள். அந்தக் கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை.

மறுநாள் ஆபீசில் ஒரு புதுப் பெட்டியை மேசைமேல் வைத்தேன். எங்களோடு ஒரு பொறியாளர் பெண் வேலை செய்கிறாள். நல்ல படிப்பு, நல்ல பொறுமை. புரோகிராமில் கடினமான பகுதியெல்லாம் அவள் எழுதியது. நிறுத்து பொத்தானை அழுத்திவிட்டு, மெயினை இறக்காமல், ரெண்டு பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்திருந்தோம்.

"அண்ணா, டீ ஆறுது" என்றாள்.

"ஆறட்டும்."

"இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா பொட்டி வெக்கப்படும்ண்ணா."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, திரை கறுத்தது. டக்கென்று விசிறிகளுக்குக் கரண்ட் விடும் ரிலேக்கள் எல்லாம் விழும் சத்தம். பெட்டி மறுபடி உயிர் பெற்று, ஒன்றும் நடக்காதது போல 'நிறுத்தப்பட்டது' என்று காட்டியது. மறுபடியும் செய்தோம். மறுபடியும் விழுந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்துவிட்டாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அண்ணா, இது புதுசு இல்ல. நான் ஸ்கூல்ல படிக்கும்போதே யாரோ எழுதியிருக்காங்க" என்றாள்.

இணையத்தில் கிடந்த அந்தப் பழைய விவாதத்தை அவள் வாசித்து வாசித்துச் சொன்னாள். எங்களுக்கு நடந்தது போலவே யாருக்கோ நடந்திருக்கிறது. ஆவணம் ஒன்று சொல்கிறது, கெர்னல் வேறொன்று செய்கிறது என்று அவர் எழுதியிருக்கிறார். ஒருவர், அப்படியானால் ஆவணத்தைத் திருத்துங்கள் என்கிறார். இன்னொருவர், ஆவணத்தை ஏன் தொட வேண்டும், அதுதான் விதி, கெர்னல்தான் தப்பு, அதைத் திருத்துங்கள் என்கிறார். மூன்றாமவர், கெர்னலைத் திருத்தினால் இப்போது இருப்பதை நம்பி ஓடும் பழைய கருவிகள் எல்லாம் நின்றுபோகும், கை வைக்காதீர்கள் என்கிறார். மூன்றும் நியாயம். நான் மூன்றையும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், ஒன்றிலும் குறை இல்லை. மூன்று நியாயத்தையும் அழகாக எழுதி வைத்துவிட்டு எல்லாரும் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். அதன் பிறகு அங்கே யாரும் வரவில்லை. வழியில் குழி இருக்கிறது என்று பார்த்தவர்கள், குழியை மூடுவதா, பாதையை மாற்றுவதா என்று வாதாடிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்கள். 'இங்கே குழி' என்று ஒரு குச்சியை நட்டுவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஒரு வரிம்மா" என்றேன். "சில கம்ப்யூட்டர்ல இது வேலை செய்யாதுன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தா?"

"எழுதியிருந்தா நாம வேற மாதிரி பண்ணியிருப்போம்ண்ணா. நிறுத்தும்போதும் நாயத் தட்டிக்கிட்டே இருக்க வெச்சிருப்பேன். அரை நாள் வேலை."

எங்கள் கம்பெனி முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. உங்கள் பள்ளிச் சேர்க்கைக்கு அவர்தான் கூட வந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"சரி, புதுப் பொட்டியில மாத்திருங்க" என்றார்.

"பழசுங்க சார்? பண்ணையில இருக்கறது?"

"சர்வீசுக்கு வரும்போது ஒவ்வொண்ணாப் பாத்துக்கலாம். இப்ப போயி 'எங்க பொட்டி இப்படி'ன்னு தண்டோரா போட முடியுமா?"

"கையேட்டுல அந்த வரியாச்சும் மாத்தி அனுப்பலாங்க சார்."

"அத ஏன்ப்பா மாத்தோணும்? புரோகிராம மாத்தீட்டா, கையேட்டுல இருக்கறது தானா உண்மையாயிருமல்ல?"

காலையில் கேட்ட அதே வாதம். எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்துகொண்டு அவர்கள் சொன்னதை, சேலத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து என் முதலாளி சொல்கிறார். உண்மை வரும்வரை பொய் அங்கேயே இருக்கட்டும் என்கிறார். அதுவரை அந்த வரியைப் படிப்பவன் என்ன ஆவான்?

"அந்தப் பொண்ணுக்குச் சொல்லோணுங்க சார். அது மேல தப்பு இல்லன்னு பண்ணைக்காரர்கிட்ட நாம சொல்லோணும்."

"அவங்க ஊட்டுச் சண்டைக்கு நாம எதுக்குப் போவோணும்?" என்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

நான் போனேன். ஆபீஸ் பெட்டி ஒன்றையும், நம் வீட்டு மேசை விசிறியையும் வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். முட்டை ஏற்றும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். அன்று சிரித்தவர்கள் அங்கே இருக்க வேண்டும் என்று. பெரும்பாலும் இருந்தார்கள். அவளும் கணவனும் இன்னும் கிளம்பவில்லை. குழி மூடியாகிவிட்டது, ஷெட்டைக் கழுவிவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள்.

முற்றத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, பெட்டியை வைத்து, மேசை விசிறியை அதோடு இணைத்தேன்.

"ஏனுங் தம்பி, வித்தை காட்டப் போறீங்களா?" என்றார் அந்த ட்ரான்ஸ்பார்மர் பெரியவர்.

"ஆமாங்க. எல்லாரும் கைய பின்னால கட்டிக்குங்க. யாரும் சுச்சத் தொட வேண்டாம்."

பண்ணைக்காரரையே நிறுத்து பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். விசிறி ஓடியது.

"ஓடுதே" என்றார் பெரியவர்.

"நில்லுங்க."

"ஓடுதுங் தம்பி."

"பொறுங்கன்னேன்" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்டது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

விசிறி தானாக நின்றது. இறக்கை மெதுவாகச் சுற்றிச் சுற்றி அடங்கியது. பண்ணைக்காரர் குனிந்து மெயினைப் பார்த்தார். ஏறித்தான் இருந்தது.

"அப்பப் பொட்டி பொய்யி சொல்லுதா?" என்றார்.

"பொட்டி பொய் சொல்லலீங்க. புக்கு பொய் சொல்லுது. இந்தப் பொண்ணு புக்குல இருந்தபடிதான் செஞ்சது. நீங்க சொன்னபடிதான் செஞ்சது."

அவள் கூட்டத்துக்குப் பின்னால் ஈரத் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். முன்னால் வந்தாள். "இப்ப சொல்லுங்க மொதலாளி. சுச்ச யாரு எறக்குனது?"

"சரி உடு புள்ள. நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பேரும் இருந்து வேலையப் பாருங்க."

"அன்னிக்கு இவ்ளோ பேரு முன்னாடிதான் பொய்க்காரின்னீங்க. இன்னிக்கும் இவ்ளோ பேரு இருக்காங்க."

பண்ணைக்காரர் தென்னை மரத்தைப் பார்த்தார். பாக்கெட்டில் போன் அடிக்காமலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஆங், சொல்லுங்க, வாரேன் வாரேன்" என்று பேசியபடி வீட்டுக்குள் போய்விட்டார். பெரியவர் முட்டை வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஒரு வார்த்தை, சாமிகளா. 'தப்பாச் சொல்லிட்டேம்மா' என்று ஒரு வார்த்தை. ஆவணத்திலும் ஒரு வரிதான் கேட்டேன், இங்கேயும் ஒரு வார்த்தைதான். எங்கேயும் அது மட்டும்தான் கிடைப்பதில்லை.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கணவனைப் பார்த்து, "மூட்டையக் கட்டு" என்றாள். அவன் ஒருமுறை தயங்கினான். "வேலையும் இருக்குன்றாங்க…" என்றான். "வேலை இருக்குது, நான் இல்ல" என்றாள்.

ஆபீசில் எனக்குக் கிடைத்த திட்டை இங்கே எழுதவில்லை. நாமக்கல்லில் போய்க் கடை விரித்தேனாம். நானும் பொறியாளர் பெண்ணும் சேர்ந்து, ஆவணத்தில் இந்த ஒரு வரியைச் சேருங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதி அந்தக் கெர்னல்காரர்களுக்கு அனுப்பினோம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்; என் கோபத்தையெல்லாம் எடுத்துவிட்டு மரியாதையாக எழுதினாள். மரியாதையாகவே பதிலும் வந்தது. நல்ல கவனிப்பு, நன்றி, ஆனால் இதை ஆவணத்தில் திருத்துவதைவிடக் கெர்னலில் திருத்துவதே முறை, அதைப் பற்றி முதலில் விவாதிக்க வேண்டும் என்றிருந்தது. நான் ஆபீஸ் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கத்தினேன். வெளியே வந்தபோது அவள், "அண்ணா, குழாய்ச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, கவலப்படாதீங்க" என்றாள்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு புது எண்ணிலிருந்து போன் வந்தது. அந்தப் பெண். பனமரத்துப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் சேர்ந்திருக்கிறார்களாம். அவளை யாரென்று அறியாத ஊர்.

"ண்ணா, இங்கயும் உங்க பொட்டிதான்."

"புதுசாம்மா, பழசா?"

"பழசுதான். அதே புக்கு, அதே வரி. இந்த மொதலாளி நல்ல மனுசரு. ஆனா சொன்னா நம்ப மாட்டேன்றாரு. கோழி இருக்கும்போது நிறுத்த அமுக்காதீங்கன்னேன். 'புக்குல ஓடும்னு அச்சடிச்சிருக்குது, நீ ஒருத்தி ஓடாதுன்ற, நான் எத நம்பறது?'ன்றாரு. ஒரு நாளு இவங்க யாராச்சும் அமுக்குவாங்க. அப்பவும் என்னத்தான் கேப்பாங்க."

"நீ அங்க நடந்ததச் சொன்னியா?"

"சொன்னா என்னான்னு சொல்றது? என் ஷெட்டு செத்துப்போச்சு, ஆனா நான் பண்ணலன்னா?"

எங்கள் முதலாளியிடம் கேட்டேன். திருத்திய புரோகிராம் உள்ள மெமரி கார்டை அந்தப் பெட்டியில் மாற்றிப் போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். வருட சர்வீசுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அப்போது பார்க்கலாம் என்றார். கார்டு இருக்கும் அலமாரியின் சாவி அவரிடம்.

ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் பனமரத்துப்பட்டிக்குப் போனேன். எல்லாரும் முட்டை அடுக்கும் இடத்தில் இருந்தார்கள். அவள் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தாள். யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெட்டி இருந்த அறையில் ஆள் இல்லை. எங்கள் கையேடு ஒரு நூலில் கோத்து ஆணியில் தொங்கியது.

அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். நான் எழுதிய வரி. அதன்மேல் பேனாவால் கோடு போட்டேன். போதாமல் இன்னொரு கோடு போட்டேன். தாள் கிழிந்தது. கிழிந்த இடத்துக்குக் கீழே, கண் தெரியாதவருக்கும் தெரிகிற மாதிரிப் பெரிதாக எழுதினேன்: 'நிறுத்து பொத்தானை அழுத்தினால் சற்று நேரத்தில் எல்லா விசிறியும் நின்றுவிடும். கோழி உள்ளே இருக்கும்போது அழுத்தாதே.' கம்பெனி முத்திரை என்னிடம் இல்லை. அதனால் என் கையெழுத்தைப் போட்டேன். மை காயும்வரை ஊதிவிட்டு, அந்தப் பக்கமே மேலே தெரியும்படி புத்தகத்தை மடித்து ஆணியில் மாட்டினேன்.